கன்ட்ரி காதல் பாட்டு பாப் பக்கம் போன கதை: 'கிராஸ்ஓவர்' என்றால் என்ன?

2000ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதியிட்ட ஹாட் 100 பட்டியலில், அதாவது அமெரிக்க இசை இதழான பில்போர்ட் போடும் ஹிட் பாட்டுப் பட்டியலில், முதல் இடத்தில் இருந்தது ஒரு கன்ட்ரி பாட்டு. கன்ட்ரி என்றால் அமெரிக்கத் தெற்கின் கிராமப்புறத்தில் பிறந்த இசை. பெயர் 'அமேஸ்ட்'. பாடியது லோன்ஸ்டார் என்ற குழு. ஒரு கன்ட்ரி பாட்டு அந்த இடத்தைத் தொட்டு அப்போது பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முன் கடைசியாகத் தொட்டது, 1983இல் கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் சேர்ந்து பாடிய 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்'.

இந்தச் செய்தியில் என்னை இழுத்தது அந்த இடைவெளி இல்லை. முதல் இடத்துக்கு வந்தபோது 'அமேஸ்ட்' புதுப் பாட்டே இல்லை என்பதுதான். கிட்டத்தட்ட ஒரு வருஷப் பழசு. 1999இல் வெளியாகி, அந்த வருஷக் கோடையில் கன்ட்ரி பட்டியலில் எட்டு வாரம் முதல் இடத்தில் உட்கார்ந்து, பிறகு இறங்கியும் விட்டது. கன்ட்ரி வானொலிகள் அதே ஆல்பத்தின் அடுத்த பாட்டைப் போட ஆரம்பித்துவிட்டன. சாதாரணமாக ஒரு பாட்டின் கதை இத்தோடு முடிந்துவிடும். இந்தப் பாட்டு மட்டும் வேறு ஒரு வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்தது. அப்படி வருவதற்குத்தான் இசைத் தொழிலில் கிராஸ்ஓவர் என்று பெயர்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் அமெரிக்க வானொலி எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும். நம் ஊர் எஃப்எம்மில் குத்துப்பாட்டு முடிந்ததும் மெலடி வரும், அதன் பின்னால் இருபது வருஷத்துக்கு முந்தைய பாட்டு வரும். எல்லாம் ஒரே நிலையத்தில் கேட்கும். அங்கே அப்படி இல்லை. ஒரு நிலையம் என்றால் ஒரு வகைதான். அந்த வகையை 'ஃபார்மட்' என்கிறார்கள். கன்ட்ரி நிலையத்தில் காலை முதல் இரவு வரை கன்ட்ரி. டாப் 40 நிலையத்தில் இளைஞர்கள் கேட்கும் புது ஹிட்டுகள். ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்), ராக் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிலையங்கள். 'அடல்ட் கன்டெம்பரரி' என்று ஒரு வகை உண்டு: அலுவலகத்திலும் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் பின்னணியில் மெதுவாக ஓடும், அதிரடி இல்லாத பாட்டுகள். இந்த வகையின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் பில்போர்ட் இதழில் தனிப் பட்டியல் உண்டு. கன்ட்ரி பட்டியலில் எட்டு வாரம் முதல் இடம் என்றால், கன்ட்ரி நிலையம் கேட்பவர்கள் மத்தியில் அந்தப் பாட்டு ராஜா என்று அர்த்தம். அதே தெருவில், பக்கத்து வீட்டில் டாப் 40 கேட்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாமல் போகலாம். ஹாட் 100 என்பது இந்த எல்லா வகைகளையும் சேர்த்துக் கூட்டிப் போடும் பொதுப் பட்டியல். அதில் மேலே ஏற ஒரே ஒரு ஃபார்மட்டின் பலம் பெரும்பாலும் போதாது. தன் வீட்டில் ஹிட்டான பாட்டு பக்கத்து வீட்டுக்கும் போய், அங்கேயும் ஹிட்டாவதுதான் கிராஸ்ஓவர்.

இங்கே புதிதாக வருபவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. டாலி பார்ட்டன் எழுதிப் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' 1974இல் கன்ட்ரி பட்டியலில் முதல் இடம் பிடித்தது. 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைத் தன் பாணியில் பாடி, ஹாட் 100இல் 14 வாரம் முதல் இடத்தில் வைத்தார். எல்லை தாண்டியது அந்தப் பாட்டு. டாலியின் பதிவு தன் வீட்டிலேயேதான் இருந்தது. தொழிலில் கிராஸ்ஓவர் என்று அழுத்திச் சொல்லும்போது, அதே கலைஞரின் அதே பதிவு இரண்டு வீட்டிலும் ஓடுவதைத்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

சரி, இந்தச் சுவர்களை யார் எழுப்பியது? இசை எழுப்பவில்லை, கடை எழுப்பியது. 1920களில் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகள் தட்டுகளை யார் வாங்குவார்கள் என்று பார்த்துப் பிரித்தன. கறுப்பின மக்களுக்கென்று 'ரேஸ்' ரெக்கார்டுகள், தெற்கு மலைப்பகுதி வெள்ளையர்களுக்கென்று 'ஹில்பில்லி' ரெக்கார்டுகள். 1949இல்தான் பில்போர்ட் இதழ் தன் பட்டியல்களின் தலைப்பை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்றும் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் மாற்றிப் போட்டது. இத்தனைக்கும் இந்த இரண்டு மக்களும் ஒரே ஊர்களில் வாழ்ந்தவர்கள், ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வளர்ந்தவர்கள். 1962இல் ரே சார்ல்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் ஒரு முழு ஆல்பத்துக்கு கன்ட்ரி பாட்டுகளாக எடுத்துப் பாடினார். அதில் ஒன்றான 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' ஹாட் 100இல் முதல் இடம் போனது. அதுவும் ஒரு காதல் பாட்டுதான். அந்தச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எந்தப் பாட்டு சுவர் தாண்டும் என்று யோசித்தால், பதில் பாதி வரிகளில் இருக்கிறது, பாதி சத்தத்தில் இருக்கிறது.

வரிகளை முதலில் பார்ப்போம். கன்ட்ரி பாட்டின் பலமே அதன் ஊர் வாசனைதான். டெக்சாஸ், டென்னசி என்று ஊர்ப் பெயர் வரும். பிக்கப் வண்டி, மண் ரோடு, விஸ்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச், அம்மா, பண்ணை வேலை எல்லாம் வரும். அந்த வாழ்க்கை வாழ்ந்தவருக்கு இது தன் சொந்த டைரி. நியூயார்க்கில் அடுக்குமாடியில் வளர்ந்தவருக்கு இது வேறு யாரோ ஒருவருடைய டைரி. இப்போது 'அமேஸ்ட்' என்ன சொல்கிறது என்று பாருங்கள். கண்ணும் கண்ணும் சந்திக்கின்றன. ஒரு தொடுதல். அவள் மேனியின் மணம். இருட்டில் அவள் கிசுகிசுப்பது. அவனைச் சுற்றி விழும் அவள் கூந்தல். நீ செய்யும் ஒவ்வொரு சின்னக் காரியமும் என்னை வியக்க வைக்கிறது என்று பல்லவி. அவ்வளவுதான். வண்டி இல்லை, ஊர் இல்லை, தொழில் இல்லை, அவளுக்குப் பெயர்கூட இல்லை. பாடுகிறவன் டெக்சாஸ்காரன் என்பதற்கு வரிகளில் ஒரு தடயமும் கிடையாது.

நமக்கு இது புதிய சங்கதி இல்லை. அகத்திணைப் பாட்டில் காதலர்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. பெயர் இல்லாத தலைவியின் இடத்தில் கேட்கிறவர் தன் ஆளை வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரியில் குடிப் பாட்டோ ஊர்ப் பெருமைப் பாட்டோ எல்லை தாண்டுவதைவிடக் காதல் பாட்டு சுலபமாகத் தாண்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி சத்தம். கன்ட்ரி என்று காது சட்டென்று கண்டுபிடிப்பது மூன்றை வைத்து: பாடகரின் தெற்கத்தி உச்சரிப்பு, ஃபிடில் எனப்படும் வயலின், அப்புறம் பெடல் ஸ்டீல். இந்தக் கடைசி வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். மேசை போலக் கால்கள் உள்ள ஒரு சட்டம், மேலே பொதுவாகப் பத்துக் கம்பிகள். வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார்ந்து, இடது கையில் உள்ள எஃகுத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டே போவார். வலது கை மீட்டும். அதே நேரம் காலால் பெடலை மிதித்தும் முழங்காலால் நெம்புகோலைத் தள்ளியும் சில கம்பிகளின் சுருதியை மட்டும் ஏற்றி இறக்குவார். ஒரு ஸ்வரம் அப்படியே நிற்க, பக்கத்து ஸ்வரம் அழுதுகொண்டே மேலே ஏறும். பழைய திரைப்பாடல்களில் ஹவாயன் கிட்டார் கேட்டிருப்பீர்கள் இல்லையா, அதன் வழியில் வந்த வாத்தியம்தான் இது. இந்த அழுகையைக் கேட்டதும் கன்ட்ரி ரசிகருக்கு மனசு இளகும். டாப் 40 கேட்பவருக்கு அது 'நம்ம பாட்டு இல்லை' என்ற அறிவிப்புப் பலகை.

இந்தப் பலகையைக் கழற்றுவது எப்படி என்று கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரம் 1950களின் பிற்பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டது. ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனை அடிவாங்கிய நேரம் அது. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் ஸ்டீலையும் பின்னுக்குத் தள்ளி, பியானோவையும் வயலின் கூட்டத்தையும் மெல்லிய கோரஸ் குரல்களையும் முன்னால் கொண்டுவந்தார்கள். அதற்கு 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயர் வந்தது. அந்தப் பாணியின் உச்சம், பேட்ஸி க்ளைன் 1961இல் பாடிய 'க்ரேஸி'. எழுதியவர் அப்போது பெரிதாகப் பெயர் தெரியாத வில்லி நெல்சன். பதிவுக்குச் சில வாரங்கள் முன்புதான் பேட்ஸி ஒரு கார் விபத்தில் சிக்கி மோசமாக அடிபட்டிருந்தார். விலா எலும்பு வலியில் உச்ச ஸ்தாயியைப் பிடிக்க முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் அன்று பதிவு செய்துவிட்டு, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு இன்னொரு நாள் வந்து குரலைப் பாடிக் கொடுத்தார். பாப் பட்டியலில் முதல் பத்துக்குள் போன பாட்டு அது. இன்று கேட்டாலும் அந்தக் குரலில் ஒரு சொட்டு அவசரம் இல்லை.

1999க்குத் திரும்புவோம். லோன்ஸ்டார் 1992இல் நாஷ்வில்லில் கூடிய குழு. எல்லோரும் டெக்சாஸ்காரர்கள், குழுவின் பெயரே அந்த மாநிலத்தின் பட்டப்பெயர்தான். முதலில் இரண்டு முன்னணிக் குரல்கள் இருந்தன. 1998இல் ஜான் ரிச் விலக, ரிச்சி மெக்டொனால்ட் மட்டும் முன்னணிப் பாடகராக நின்றார். அடுத்த ஆல்பமான 'லோன்லி கிரில்'லுக்குத் தயாரிப்பாளராக வந்தவர் டான் ஹஃப். லாஸ் ஏஞ்சலஸில் பாப், ராக் பதிவுகளுக்கு கிட்டார் வாசித்து அனுபவம் பெற்றவர், சொந்தமாக ஒரு ராக் குழுவும் வைத்திருந்தவர். அவர் கை பட்ட 'அமேஸ்ட்' ஆரம்பத்திலிருந்தே பாதி தூரம் பாப் பக்கம் சாய்ந்துதான் இருந்தது. தாழ்ந்த குரலில் அமைதியாக ஆரம்பிக்கும் சரணம், படிப்படியாக ஏறி, பல்லவியில் மொத்தமாகத் திறந்துகொள்ளும். 1980களின் ராக் காதல் பாட்டுகள் இதே கட்டமைப்பில் வந்தவை. அந்த நேரத்து பாப் உலகமும் மெதுவான காதல் பாட்டுகளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது. 2000த்தின் தொடக்கத்தில் ஹாட் 100இன் முதல் இடத்தில் இருந்த பாட்டுகளில் ஒன்று, சாவேஜ் கார்டன் பாடிய 'ஐ நியூ ஐ லவ்ட் யூ'. அதன் பக்கத்தில் 'அமேஸ்ட்'டை வைத்தால் ஒன்றும் துருத்திக்கொண்டு தெரியாது.

மீதி தூரத்தை ரீமிக்ஸ் கடந்தது. ரீமிக்ஸ் என்றதும் டிஜே சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டுடியோவில் குரல், டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்டீல் எல்லாம் தனித்தனித் தடங்களாகப் பதிவாகின்றன. அவற்றை எந்த அளவில் கலக்குவது என்பதுதான் மிக்ஸ். சமையல் மாதிரி: அதே காய், அதே பருப்பு, தாளிப்பு மட்டும் மாறும். பாப் வானொலிக்கான மிக்ஸில் கன்ட்ரி வாத்தியங்களைத் தணித்துவிடுவார்கள். மெட்டு, வரிகள், மெக்டொனால்டின் குரல் எதுவும் மாறவில்லை.

இதற்கு மேல் ஒரு நடை நடக்க வேண்டும். ரெக்கார்டு கம்பெனிகளில் ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். நிலையம் நிலையமாகப் பேசி, 'இந்தப் பாட்டைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்' என்று கேட்பதே அவர்கள் வேலை. ஒரு கன்ட்ரி காதல் பாட்டுக்கு முதல் படி பெரும்பாலும் நான் நினைவில் வைக்கச் சொன்ன அடல்ட் கன்டெம்பரரி. அங்கே கேட்பவர்கள் நடுவயதுக்காரர்கள், நிதானமான பாட்டுக்குக் கதவு திறந்தே இருக்கும். அங்கே ஓட ஆரம்பித்தால் டாப் 40 நிலையங்களுக்கும் தைரியம் வரும். இப்படி ஏறுவதால்தான் மாதக் கணக்கில் ஆகிறது. 'அமேஸ்ட்' ஒரு வருஷம் எடுத்துக்கொண்டதன் ரகசியமும் இதுதான்.

இன்னொரு உதவியும் கிடைத்தது. 1998 இறுதி வரை, கடையில் சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனி வெளியீடாக, விற்காத பாட்டுக்கு ஹாட் 100இல் இடமே கிடையாது. அந்த டிசம்பரில் விதி மாறியது. வானொலியில் ஓடினாலே போதும் என்று ஆனது, கன்ட்ரி நிலையங்களின் ஒலிபரப்பும் கணக்கில் சேர்ந்தது. பட்டியல் என்பது ஏதோ இயற்கை அளவுகோல் என்று நினைக்கிறோம். அதுவும் மனிதர்கள் உட்கார்ந்து எழுதும் விதிதான், விதி மாறினால் சரித்திரமும் கொஞ்சம் மாறும்.

'அமேஸ்ட்' முதல் இடத்தில் இரண்டு வாரம் இருந்தது. அதே சமயம் ஃபெய்த் ஹில்லின் 'ப்ரீத்' என்ற இன்னொரு கன்ட்ரி காதல் பாட்டும் இதே பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. அது இரண்டாம் இடத்துக்கு மேல் போகவில்லை. ஆனாலும் விடாமல் நீண்ட நாள் ஓடியதால், 2000ஆம் ஆண்டு முழுவதற்குமான ஹாட் 100 கணக்கில் முதல் பாட்டானது.

இதையெல்லாம் கன்ட்ரி உலகம் சந்தோஷமாகவே பார்த்ததா என்றால், எப்போதும் அப்படி இல்லை. பழைய காயம் ஒன்று உண்டு. 1974இல் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி ஒலிவியா நியூட்டன் ஜானுக்கு, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் சிறந்த பாடகி விருது கொடுத்தது. கொதித்துப்போன கலைஞர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதி வீட்டில் கூடித் தனிச் சங்கமே ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷ விழாவில் நடந்தது இன்னும் பிரசித்தம். ஆண்டின் சிறந்த கலைஞர் யார் என்று அறிவிக்க சார்லி ரிச் மேடை ஏறினார். உறையைப் பிரித்தார். பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து, பெயர் எழுதிய காகிதத்தைக் கொளுத்திக்கொண்டே ஜான் டென்வர் பெயரைச் சொன்னார். ஏன் செய்தார் என்பதில் இன்றுவரை இரண்டு பேச்சு உண்டு. பாப் பக்கத்து ஆளுக்கு விருதா என்ற கோபம் என்பது ஒன்று, அன்று மருந்தும் மதுவும் சேர்ந்த நிலையில் இருந்தார் என்பது இன்னொன்று. கவனிக்க வேண்டியது என்னவென்றால், 1973இல் ஹாட் 100இல் முதல் இடம் பிடித்த கன்ட்ரி காதல் பாட்டு ஒன்று அந்த சார்லி ரிச் பாடியதுதான்.

அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. பாப் வானொலிக்காக ஸ்டீலைக் குறைக்கும் பழக்கம் ஊறிப்போனால், அடுத்த பாட்டு எழுதும்போதே ஸ்டீலுக்கு இடம் வைக்க மாட்டார்கள். ஒரு வட்டாரத்தின் குரல் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். எனக்கு அந்த வாத்தியத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு, அதனால் இந்த இழப்பைச் சும்மா தள்ளிவிட மனசு வரவில்லை. ஆனால் அந்த மெல்லிய மிக்ஸ் வழியாகத்தான் எத்தனையோ பேர் முதல்முறையாகக் கன்ட்ரி பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. கன்ட்ரி பாடகி ஷானியா ட்வைன் இந்தச் சிக்கலை 2002இல் வெளிப்படையாகவே கையாண்டார். 'அப்!' ஆல்பத்தின் பாட்டுகள் எல்லாவற்றையும் மூன்று விதமாகச் செய்தார்: பச்சை வட்டு கன்ட்ரி, சிவப்பு வட்டு பாப், வெளிநாடுகளுக்கான நீல வட்டில் இந்திய இசைச் சாயல். வேண்டிய உடுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு வந்தவர்களுக்குப் பாதை அகலமானது. 2008இல் வெளியான டெய்லர் ஸ்விஃப்டின் 'லவ் ஸ்டோரி' தனி பாப் மிக்ஸோடு போய், கன்ட்ரி பட்டியல், டாப் 40 பட்டியல் இரண்டிலும் முதல் இடம் பிடித்தது. லேடி ஆன்ட்டிபெல்லம் குழுவின் 'நீட் யூ நவ்' ஹாட் 100இல் இரண்டாம் இடம் வரை ஏறி, 2011 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த பதிவு இரண்டு விருதுகளையும் வாங்கியது. நள்ளிரவு தாண்டிப் பழைய காதலியின் நினைப்பு வரும் அந்தப் பாட்டிலும் ஊர்ப் பெயர் கிடையாது.

'அமேஸ்ட்'டை எழுதியவர்கள் மூன்று பேர்: மார்வ் கிரீன், கிறிஸ் லிண்ட்சி, ஏமி மேயோ. லிண்ட்சியும் மேயோவும் அந்த நேரத்தில் ஒருவர்மேல் ஒருவர் காதலில் விழுந்துகொண்டிருந்தவர்கள். பிற்பாடு கல்யாணமும் செய்துகொண்டார்கள். பாட்டைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு முதலில் 'லோன்லி கிரில்' ஆல்பத்தில் உள்ள பதிவைக் கேளுங்கள். முதல் தடவை குரலை விட்டுவிட்டுப் பின்னால் வழுக்கிப் போகும் ஸ்டீலை மட்டும் தேடுங்கள். அப்புறம் பாப் மிக்ஸைப் போட்டு, அதே இடங்கள் வரும்போது என்ன மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவது தடவை ஒன்றையும் தேடாமல் சும்மா கேளுங்கள்.